இரண்டு டாடிகளின் கார்கள்

"ஒந்து மனெ, ஒந்து பார்க்கிங். ஒரு வீட்டுக்கு ஒரு கார்தான். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு காரை எடுத்துடுங்க சார்."

அடுக்ககச் சங்கச் செயலாளர் சந்திரம்மா நோட்டீஸை நீட்டிவிட்டுப் போனார்.

ஓஸ்வால்டுக்கு அலுப்பாக இருந்தது. பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் குடிவந்ததிலிருந்து இதே பாட்டு. அறுபத்தொன்பதாம் வருடத்து அம்பாசிடர் அவருடைய அப்பா வாங்கியது. தொண்ணூற்றிரண்டாம் வருடத்து கான்டெசா, மனைவி டோரீனின் அப்பா விட்டுப்போனது.

"உங்க டாடி காரை வித்துடுங்க. ஸ்டீயரிங்கைத் திருப்பறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுடுது," என்றாள் டோரீன்.

"உன் டாடி கார் மட்டும் என்னவாம்? தூணைத் தாண்டி ஒரு முழம் நீட்டிக்கிட்டு நிக்குது."

சமாதானமாக இருக்கட்டுமென்று அன்று கான்டெசாவைத் தெருவில் நிறுத்தினார். காலையில் எதிர் பி.ஜி. ஹாஸ்டல் ஓனர் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டிருந்தார். அரை நாள் லீவு போட்டுக் கெஞ்சி அவிழ்க்க வேண்டியிருந்தது.

மறுநாள் அம்பாசிடரை நிறுத்தினார். கல்யாண போட்டோ எடுக்க வந்த ஜோடி ஒன்று பானெட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது. இறங்கச் சொன்னதற்கு, "அங்கிள், கொஞ்சம் ஃப்ரேம்ல இருந்து தள்ளி நில்லுங்க," என்றார்கள்.

கடைசியில் டோரீனே வழி சொன்னாள். "ரெண்டையும் மேம்பாலத்து ஏத்தத்துல ஓட்டிப் பார்ப்போம். எது திணறுதோ அதை வித்துடலாம். என்னோடது இருபத்திமூணு வயசு சின்னது. ஞாபகம் வெச்சுக்கோங்க."

சனிக்கிழமை காலை ஓஸ்வால்ட் ஓட்டிய அம்பாசிடர் முனகாமல் ஏறியது. டோரீன் ஓட்டிய கான்டெசா பாதி ஏற்றத்தில் இருமி நின்றது. பின்னால் கம்பெனி கேபுகள் ஹாரனில் திட்டின. ஓஸ்வால்ட் பாலத்தைச் சுற்றி வந்து, கயிறு கட்டி, அம்பாசிடரால் அதை இழுத்துக்கொண்டு வீடு சேர்ந்தார். பால்கனி பால்கனியாக நின்று எல்லோரும் பார்த்தார்கள்.

ஜெயித்த சந்தோஷம்கூட நிலைக்கவில்லை. டோரீன் பேச்சை நிறுத்திவிட்டாள். ஞாயிறன்று ஆனேக்கல்காரர் ஒருவர் கான்டெசாவை லாரியில் ஏற்றிப் போனபோது, லாரி மறையும்வரை கேட்டருகே நின்றாள்.

"மனசுல வெச்சுக்காதே டோரீன்," என்றார் இவர். "அம்பாசிடர்ல இருக்கறது எங்க டாடி காலத்து எஞ்சின். அந்த இரும்பே வேற."

ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் டீயை டம்ளரில் பாதி, மேஜையில் பாதியாக வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் ஆயில் மாற்ற இருவரும் அடுகோடி மெக்கானிக் ஷெட்டுக்குப் போனார்கள். மெக்கானிக் வெங்கி இருபது வருடமாக இரண்டு கார்களையும் பார்த்து வருபவர். ஓஸ்வால்ட் மேம்பாலக் கதையைச் சொல்லி முடித்தார். டோரீன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெங்கி பானெட்டைத் தூக்கியவர் அப்படியே நின்றார்.

"கான்டெசாவை வித்தே விட்டீங்களா? ஐயோ, உங்க டாடி எஞ்சின் அதோட போச்சே சார்! 'என் பொண்ணு இன்னும் எத்தனை நாளைக்கு நடுரோட்டுல இறங்கி இவன் அம்பாசிடரைத் தள்ளுவா'ன்னு, உங்க மாமனார்தானே உங்களுக்குத் தெரியாம ரெண்டு எஞ்சினையும் மாத்தி மாட்டச் சொன்னாரு!"