முனியாண்டிக்குப் பிரேக் பிடிச்சுக் காட்டினேன்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணுதான். ஜீப்புக்கு முன்பக்க பிரேக்கை மாத்தணும்.

எண்பதுகளோட ஆரம்பம் அது. மதுரையில ஒரு பள்ளிக்கூடத்துல நான் பௌதிக வாத்தியார். மத்த வாத்தியாருங்க சைக்கிள்லயும் டவுன் பஸ்லயும் வந்துக்கிட்டிருந்தப்ப, நான் மட்டும் பட்டாளத்துல கழிச்சுப் போட்ட ஒரு பழைய ஜீப்பை ஏலத்துல எடுத்து ஓட்டிக்கிட்டிருந்தேன். மேல படுதா கிடையாது. கதவு கிடையாது. முன் கண்ணாடி பானட் மேல மடங்கிக் கிடக்கும், நிமித்தி வச்சா நிக்காது.

நிக்காதுங்கிறது கண்ணாடிக்கு மட்டும் இல்ல.

பிரேக்கே இல்லைன்னு சொன்னா அது அபாண்டம். மிதியை நாலஞ்சு தடவை பம்பு அடிக்கிற மாதிரி அடிச்சு, கடைசியா ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு மிதிமேல ஏறி நின்னா, வண்டி கொஞ்சம் யோசிச்சுட்டு நிக்கும். காளவாசல் முக்குல நிக்கணும்னா அரசரடியிலயே மிதிக்க ஆரம்பிச்சிருவேன். அங்க நிக்கிற போக்குவரத்துப் போலீஸ்காரர் என்னைத் தூரத்துல பார்த்ததுமே மத்த வண்டியெல்லாத்தையும் நிறுத்தி எனக்கு வழி விட்டுருவார். மரியாதைன்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

அந்தத் தடவை பொங்கலுக்கு மாமனார் ஊருக்குப் போனோம். கொட்டாம்பட்டியில இருந்து உள்ள போகணும். வாசல்லதான் நிறுத்தப் பார்த்தேன். வண்டி வாசலைத் தாண்டி, தொழுவத்தைத் தாண்டி, வைக்கப்படப்புக்குள்ள போய் நின்னுச்சு. என் மனைவி செல்வியை வைக்கோலுக்குள்ள கையை விட்டுத் தேடித்தான் எடுத்தோம்.

என் அத்தை, அதாவது செல்வியோட அம்மா, அந்த இடத்துலயே வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாங்க.

"முனியாண்டி, இந்த வண்டி நிக்கிற வண்டியா ஆகட்டும். நான் வளக்குற கறுப்புக் கெடாவை உனக்கு வெட்டுறேன்."

அப்பறம் என்னைப் பார்த்துச் சொன்னாங்க. "மாப்ள, சாமி கெடாவை ஏத்துக்கிட்டா வண்டியை வச்சுக்கங்க. ஏத்துக்கலைன்னா வித்துப்புடணும். என் மகளை இதுல ஏத்திக்கிட்டுத் திரியக் கூடாது."

செல்வி தலையில இருந்து வைக்கோலை உருவிக்கிட்டே, "அம்மா சொல்றது சரிதாங்க"ன்னா.

மாமனார் அதுக்குள்ள ஒரு புளி வியாபாரிகிட்ட வண்டிக்கு விலை பேச ஆரம்பிச்சிட்டார்.

சாமி ஏத்துக்கிறதுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. கெடாவுக்கு மாலை போட்டு, தலையிலயும் முதுகுலயும் மஞ்சத் தண்ணி ஊத்துவாங்க. அது உடம்பைச் சிலுப்பி ஒரு உதறு உதறணும். உதறுனா சாமி உத்தரவு குடுத்திருச்சு. உதறலைன்னா ஏதோ குறை இருக்கு, அருவாளைத் தொட மாட்டாங்க. ஆக, என் ஜீப்போட தலையெழுத்து இப்ப ஒரு ஆட்டோட முதுகுல இருந்துச்சு.

எனக்கு அந்த வண்டி மேல உயிரு. அதனால மதுரைக்குத் திரும்பி, கெடாவெட்டுக்குக் குறிச்ச நாளுக்கு முந்தின நாள் கோரிப்பாளையத்துக்கு ஓடினேன். அங்க காசிம் பாய்னு ஒரு மெக்கானிக். வேலையில பாதி, வாயில பாதி.

"வாத்தியாரே, உங்க பிரேக்குல இருக்கிறது சின்ன டிரம்மு. இது வண்டியை நிறுத்தாது, கெஞ்சத்தான் செய்யும். புது மாடல் ஜீப்புல இருந்து பெரிய டிரம்மு ஒரு ஜோடி எங்கிட்ட வந்திருக்கு. முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் அதை மாட்டிருவோம்."

"பின்பக்கத்துக்கு?"

"பின்பக்கத்துக்கும் மாத்துனாத்தான் நல்லது. ஆனா ஜோடி ஒண்ணுதான் இருக்கு."

"முன்னாடி மட்டும் போதும் பாய். நாளைக்குக் காலையில கெடாவெட்டு."

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிரேக்குக்கும் கெடாவுக்கும் என்ன சம்பந்தம்னு அவர் கேக்கல. இருபது வருசமா மதுரையில வண்டி பார்க்கிறவர், இதைவிடப் பெரிசெல்லாம் கேட்டிருப்பார்.

பழைய டிரம்மைக் கழட்டி, பெரிசை மாட்டி, புது லைனிங் போட்டு, ஆயில் ஊத்தி, குழாய்ல இருந்த காத்தையெல்லாம் எடுத்து முடிக்கிறப்ப பொழுது சாஞ்சிருச்சு. பாய் கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னார்.

"வண்டி நிக்கும், அதுக்கு நான் கேரண்டி. நின்னதுக்கப்பறம் நடக்கிறதுக்கு நான் பொறுப்பு இல்ல. ஒரே ஒரு தடவை, பூ மாதிரி மிதிங்க. அந்தப் பழைய காலை இங்கேயே கழட்டி வச்சுட்டுப் போங்க."

"புரியுது பாய்"னு சொன்னேன்.

எனக்குப் புரிஞ்சது வாஸ்தவம். என் வலது காலுக்குத்தான் யாரும் சொல்லல.

மறுநாள் காலையில நானும் செல்வியும் கிளம்பினோம். கோரிப்பாளையம் முக்குல ஒரு மாட்டு வண்டி குறுக்க வந்துச்சு. என் கால் அதுபாட்டுக்குப் பம்பு அடிக்கப் போச்சு. முதல் அடிக்கே வண்டி மூக்கைத் தரையில குத்தி, பின்னால தூக்கி, செத்தமாதிரி நின்னுச்சு. செல்வி மடியில இருந்த தூக்குவாளி பானட்டுக்கு மேலால பறந்து மாட்டு வண்டிக்குள்ள போய் விழுந்துச்சு.

மாட்டு வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். தூக்கைத் திறந்து பார்த்தார்.

"புளியோதரையா? நல்லாருக்குங்க"ன்னு சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருந்தார்.

டேஷ்போர்டுல ஒரு கைப்பிடி இருந்துச்சு, செல்வி அதை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா. கொட்டாம்பட்டி வரைக்கும் அதை விடவே இல்ல.

வழி நெடுக என் காலோடு நான் சண்டை போட்டேன். 'ஒரு தடவைடா, பூ மாதிரிடா'ன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே வந்தேன். கால் கேக்கல. மேலூர் பஸ் ஸ்டாண்டு முன்னால அஞ்சு தடவை அடிச்சுது. வண்டி அஞ்சு தடவை மூக்கைக் குத்திக் குத்தி நின்னுச்சு. டீக்கடையில இருந்த ஒருத்தர், "என்னண்ணே, வண்டி யாருக்குக் கும்பிடு போடுது?"ன்னு கேட்டார்.

ஊருக்குப் போனா, கெடா ரெடியா நிக்கிது. நல்ல கன்னங்கரேல்னு, கன்னுக்குட்டி உசரம். கோயில் கண்மாய்க்கரையில இருக்கு, வீட்டுல இருந்து ரெண்டு மைல். சொந்தக்காரங்க எல்லாம் முன்னாடியே நடந்து போயிட்டாங்க. அம்புட்டுப் பேரும் கறிச்சோத்துக்குத்தான் வந்திருந்தாங்கன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. அத்தையும் மாமாவும் பின்னால ஏறிக் கெடாவைக் கயித்தோட பிடிச்சுக்கிட்டாங்க.

பாதி வழியில ஒரு கோழி குறுக்க ஓடுச்சு. கோழிக்கு ஒண்ணும் ஆகல. பின்னால இருந்த அத்தை, பலகையில சறுக்கிக்கிட்டே வந்து எனக்கும் செல்விக்கும் நடுவுல, கியர் கம்பிக்குப் பக்கத்துல உக்காந்துட்டாங்க. அவங்க மடியில கெடாவோட தலை. மாமா மட்டும் பின்னாலயே இருந்தார், கெடாவோட வாலைப் பிடிச்சுக்கிட்டு.

"மாப்ள"ன்னாங்க அத்தை மூச்சு வாங்கிக்கிட்டு. "வண்டி நிக்கிது."

எனக்குப் பெருமை தாங்கல. வண்டி நமக்குத்தான்னு நினைச்சுக்கிட்டேன்.

கோயில்ல பூசாரி நல்ல ஆகிருதியான ஆளு. கெடாவுக்கு மாலை போட்டு, வேப்பிலை சொருகி, ஒரு செம்பு மஞ்சத் தண்ணியைத் தலையில இருந்து வால் வரைக்கும் ஊத்தினார். ஊரே மூச்சை அடக்கிக்கிட்டுப் பார்த்துச்சு.

கெடா நின்ன இடத்துல அப்பிடியே நின்னுச்சு.

ரெண்டாவது செம்பு. ஒரு மயிரு கூட அசையல. உதற வேண்டியதையெல்லாம் ஜீப்புலயே உதறித் தீர்த்திருச்சு போல. கண்ணை மட்டும் ஜீப்புப் பக்கம் வச்சுக்கிட்டு நின்னுச்சு.

"குறை இருக்குத்தா"ன்னார் பூசாரி அத்தையைப் பார்த்து. "யாரு மனசுலயாவது ஏதாவது இருந்தா சாமி முன்னால சொல்லிருங்க."

மாமாதான் முதல்ல உடைஞ்சார். "போன மாசம் கோர்ட்டு வேலைன்னு மதுரைக்குப் போனேன். கோர்ட்டுக்குப் போகல. ரெண்டு சினிமா பார்த்தேன்."

அத்தை அவரை முறைக்கிற நேரத்துலயே பூசாரி மூணாவது செம்பை ஊத்திட்டார். கெடா அசையல.

இப்ப அத்தை குரலைத் தாழ்த்திக்கிட்டாங்க. "இந்தக் கெடாவைப் போன வருசமே பக்கத்து ஊருக் கருப்பசாமிக்கும் நேந்துக்கிட்டேன். மாடு தொலைஞ்சப்ப. மாடு கிடைச்சதும் மறந்துபோச்சு."

கூட்டத்துல ஒரு சலசலப்பு. பூசாரி செம்பை மறுபடி நிரப்பினார்.

"அது சாமிகளுக்குள்ள உள்ளது. அவங்க பேசிக்குவாங்க"ன்னு சொல்லிட்டு நாலாவது செம்பை ஊத்தினார்.

கெடா தன் கழுத்துல கிடந்த மாலையைத் தின்ன ஆரம்பிச்சுச்சு.

புளி வியாபாரி எப்ப வந்தார்னே தெரியல. ஜீப்பைச் சுத்தி வந்து டயரைக் காலால தட்டித் தட்டிப் பார்த்துக்கிட்டிருந்தார். எனக்கு அழுகையே வந்திருக்கும், மாப்பிள்ளையாப் போயிட்டேன்.

அப்பத்தான் பூசாரிக்கு அந்த யோசனை வந்துச்சு.

"ஏத்தா, வேண்டுதல் என்ன?"

"வண்டி நிக்கணும்னு."

"நின்னதைச் சாமி பார்த்துச்சா?"

அத்தை ஜீப்பைத் திரும்பிப் பார்த்தாங்க.

"பார்க்காம எப்பிடி உத்தரவு குடுக்கும்? வாத்தியாரே, வண்டியை எடுங்க. அந்தக் கரை முனையில இருந்து வாங்க, சாமி முன்னால நிறுத்துங்க. நானும் வாரேன். கெடாவும் வரட்டும், அதுதானே சாட்சி."

பூசாரி அருவாளோட ஏறினார். "அருவா மட்டும் வேண்டாங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். முணுமுணுத்துக்கிட்டே இறங்கிப் போய்ப் பீடத்துல வச்சுட்டு வந்தார். அன்னைக்கு நான் செஞ்ச ஒரே உருப்படியான காரியம் அது. கெடாவைத் தூக்கிப் பின்னால ஏத்துறதுக்கு நாலு ஆள் தேவைப்பட்டுச்சு.

கரை முனையில திருப்பி வந்தேன். ஒரு பக்கம் முனியாண்டி, ஒரு பக்கம் பொங்கல் அடுப்பு, நேர் எதிர்ல கரை சரிஞ்சு கண்மாய்த் தண்ணி. நடுவுல ஒரு வண்டி நிக்கிற இடம். 'ஒரு தடவை, பூ மாதிரி.' கால் கூட அன்னைக்கு முதல் தடவையா எனக்குக் கட்டுப்பட்ட மாதிரிதான் இருந்துச்சு.

"மாப்ள, மிதிங்க, மிதிங்க, மிதிங்க"ன்னு கூட்டத்துல இருந்து அத்தை கத்துனாங்க.

அவ்வளவுதான். ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு, முழு உடம்போட மிதிமேல ஏறி நின்னுட்டேன்.

வண்டி நின்னுச்சு. இன்னைக்கு வரைக்கும் எந்த வண்டியும் அப்பிடி நின்னு நான் பார்த்ததில்ல.

பூசாரி டேஷ்போர்டுக்கு அடியில மடங்கிப் போனார். கெடா என் தலைக்கு மேலால போச்சு. பானட்டுல ஒரு தடவை காலை ஊனி, அங்கிருந்து ஒரு தாவு. கண்மாய்த் தண்ணியில தொபீர்னு விழுந்துச்சு.

செல்வி வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறா.

கெடா தண்ணிக்குள்ள இருந்து எந்திரிச்சு, சேத்துல காலை ஊனி, தலையில இருந்து வால் நுனி வரைக்கும் ஒரு உதறு உதறுச்சு பாருங்க. கரையில நின்ன அம்புட்டுப் பேரு மேலயும் தெறிச்சுச்சு.

பொம்பளைங்க குலவை போட்டாங்க. டேஷ்போர்டுக்கு அடியில இருந்து பூசாரி குரல் வந்துச்சு. "உத்தரவு வந்திருச்சு. என்னைய வெளிய எடுங்க."

புளி வியாபாரி முகத்தைத் துடைச்சுக்கிட்டுச் சைக்கிள்ல ஏறிப் போயிட்டார். எனக்குக் கண்ணுல தண்ணி. வண்டி எனக்குத்தான்.

இந்தச் சந்தோசத்துல எல்லாரும் ஒண்ணை மறந்துட்டோம். கயித்தை யாரும் பிடிக்கல. கெடா எங்களை ஒரு தடவை பார்த்துச்சு, ஜீப்பை ஒரு தடவை பார்த்துச்சு, அப்பறம் கண்மாய்க்குள்ளயே நடந்து அக்கரையில ஏறிக் கருவேலங்காட்டுக்குள்ள போயிருச்சு. ஊரே தேடியும் சிக்கல.

"பக்கத்து ஊருக் கருப்பு கூப்பிட்டிருக்கும்"ன்னார் பூசாரி, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு. சொந்தக்காரங்க எல்லாம் கத்திரிக்காச் சாம்பார் சாப்பிட்டுட்டு என்கிட்ட சொல்லிக்காமலே கிளம்பிப் போனாங்க.

சாயங்காலம் "ஏறுங்க அத்தை, வீட்டுல விட்டுர்றேன்"னேன். அவங்க செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ரெண்டு மைலும் நடந்தே போனாங்க. ஆனா வாக்கு மாறாதவங்க. அதுக்கப்பறம் வண்டியை விக்கச் சொன்னதே இல்ல. யார் கேட்டாலும் பெருமையாத்தான் சொல்லுவாங்க.

"எங்க மாப்ள வண்டி சொன்ன இடத்துல நின்னுரும். உள்ள இருக்கவங்கதான் போய்க்கிட்டே இருப்பாங்க."