சூறையில் போன பட்டம்

"எம்.இ. சேரலாமா? சேரலாம். வேண்டாம். அப்பாவிடம் கேட்க வேண்டும். மழை இல்லை."

ஆடி மாதம், உத்திராட நட்சத்திரம் என்று குறித்து, என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. நாள் தவறாமல் எழுதுகிறவன். முடிவு மட்டும் எழுத வராது.

கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் கட்டமைப்புப் பொறியியல் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஒரு காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர் வேலையும் கிடைத்திருந்தது. (ஒன்றும் கிடைக்காதவன் எவ்வளவு நிம்மதியாக இருந்திருப்பான்!) மனசு முழுக்கப் படிப்பில். வாய்தான் திறக்கவில்லை. அந்த வருடம் மேலநீலிதநல்லூரில் எங்கள் பருத்தி கருகிப்போயிருந்தது.

படிப்பா, வேலையா என்று பொதுவாகக் கேட்டதற்கு, "நான் என்னத்தலே கண்டேன்? கோமதியம்மாட்ட கேளு" என்றார் அப்பா.

அன்று ஆடித்தபசுத் திருவிழா. சங்கரன்கோவில் ரதவீதியில் விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் தங்கள் பருத்தியையும் மிளகாய் வற்றலையும் கோமதி அம்மனை நோக்கிச் சூறை எறிவார்கள். எறிந்தால் அடுத்த வெள்ளாமை செழிக்கும். நான் விளைவித்தது ஒரே ஒரு பி.இ. பட்டம். அதன் கலர் ஜெராக்ஸைச் சுருட்டி, மேலே பஞ்சைச் சுற்றிக் கட்டி, வீசினேன்.

"அண்ணே, எவரு மண்டையிலயோ விழுந்துட்டு!" என்று தங்கை கத்தினாள்.

அந்த வேகத்தில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்: "எம்.இ. படிக்கப் போறேம்ப்பா."

"இதச் சொல்லவாலே இத்தன நாளு? போ. பாத்துக்கிடலாம்."

சேர்க்கையின் கடைசி நாளில் கல்லூரி எழுத்தர் என் சான்றிதழின் முத்திரையைத் தடவிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். "தம்பி, இது கலர் ஜெராக்ஸுங்க. ஒரிஜினல் எங்கீங்க?"

'அசல்', 'நகல்' என்று இரண்டு உறைகளில் அழகாக எழுதி வைத்தவன் நான்தான். மாற்றிப் போட்டவனும் நான்தான்.

அப்பாவுக்கு போன் செய்தேன். நடந்ததைக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப அம்மனுக்கு அசலத்தான் குடுத்திருக்க. நல்லதுதாம்லே. அவளுக்குப் போயி ஜெராக்ஸ் குடுப்பாவளா?"

பட்டத்துக்கு மாற்றுப் பிரதி வருவதற்குள் வகுப்புகள் தொடங்கி வெகுநாள் ஆகியிருந்தது. சூப்பர்வைசர் ஆனேன். அடுத்த ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம், அதற்கடுத்து வேறொன்று. இன்றும் கோயம்புத்தூர் போனால் பேருந்தில் வலப்பக்க ஜன்னலோரம்தான் உட்காருவேன். கல்லூரி வாசல் அந்தப் பக்கம் வரும். தோளில் வரைபடக் குழாயோடு யாராவது உள்ளே போவார்கள். பேருந்து திரும்பும்வரை பார்ப்பேன்.

ஒவ்வொரு தபசுக்கும் தங்கை கேட்பாள்: "அண்ணே, இந்த வருசம் என்னத்த எறியப் போற, ஆதார் கார்டா?"

கரிவலம்வந்தநல்லூரில் ஒரு வீட்டில் என் பட்டத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, அம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, தினமும் பூ வைப்பதாக அவள் சொல்கிறாள். இத்தகவல் இன்னும் சரிபார்க்கப்படவில்லை.