மூன்று தடவை சரிபார்த்த கயிறு

ஒரு பொருளை வாங்கும் முன் அட்டவணை போடாதவர்களை நான் நம்புவதில்லை. அட்டவணை போட்ட என்னை நம்பிய மூன்று பெண்களுக்கு என்ன நடந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் கட்டட வரைபடம் கீறும் எங்கள் நிறுவனத்தில், மேல்மாடி அறை ஒன்று காலியானது. பெண்கள் நான்கு பேரும் மத்தியானச் சாப்பாட்டை ஒளிநகல் இயந்திரத்துக்குப் பக்கத்தில், மடியில் வைத்துத்தான் சாப்பிட்டு வந்தோம். அந்த அறை எங்களுக்கு வேண்டும். ஆண்களுக்கோ கரம் பலகை போட்டு விளையாட வேண்டும். பணிப்பாளருக்கு அப்போதுதான் உடற்பயிற்சிப் பைத்தியம் பிடித்திருந்தது. (கொலஸ்ட்ரோல் அவருக்கு, வியர்வை எங்களுக்கு.) "கயிறடிச்சுத் தாண்டி வெல்லுற ஆக்களுக்கு அறை" என்று தீர்ப்புச் சொல்லி, விதிகளை அச்சடித்தும் கொடுத்தார். அணிக்கு நான்கு பேர். கயிறு நின்றால் திரும்பத் தொடங்க முடியாது. கடைசிவரை கயிறு சுற்றும் அணிக்கே வெற்றி. அந்தத் தாளை முழுதாக வாசித்துக் கோப்பில் போட்டு வைத்தவள் நான் ஒருத்திதான்.

கயிறு தெரிவு செய்யும் பொறுப்பும் என்னிடமே வந்தது. பதினொரு நிரல்களில் அட்டவணை போட்டேன். பருத்திக் கயிறு காற்றில் தொய்யும். உருக்குக் கம்பி வேகமானது, ஆனால் கணுக்காலில் பட்டால் உயிர் போகும். மணி கோத்தது அழகு, ஆனால் சத்தம். இப்படியே மூன்று வாரம் போனது. அதுவரை முற்றத்தில் கயிறில்லாமலே, மணிக்கட்டை மட்டும் சுழற்றிக் குதித்துப் பயிற்சி எடுத்தோம்.

"என்ன பிள்ளையள், காதுக்கை இரையிற நுளம்பு கலைக்கிறியளோ?" என்று கேட்டார் ஆண்கள் அணித் தலைவர் தயாளன் அண்ணை.

எங்களில் இளையவள் ஜெனிற்றா பொறுமை இழந்தாள். "அக்கா, இது கயிறு. நீங்கள் மாப்பிள்ளை பாக்கிற மாதிரி எல்லே பாக்கிறியள்!"

கடைசியில் அவளே குருநகரில் படகுச் சாமான் விற்கும் கடைக்கு என்னைக் கூட்டிப்போனாள். அங்கே கிடைத்த நைலோன் கயிறு பதினொரு நிரல்களிலும் தேறியது. நடுவில் ஏறி நின்று இழுத்தால் நுனிகள் அக்குளுக்கு வரவேண்டும் என்பது கணக்கு. ஒவ்வொருத்தியையும் நிலத்திலிருந்து அக்குள்வரை மில்லிமீற்றர் சுத்தமாக அளந்தேன். மூன்று தடவை சரிபார்த்தேன். வெள்ளி மாலை நான்கு துண்டு அறுத்து, பெயர் எழுதிய பைகளில் போட்டு ஒட்டினேன். ("நாளைக்குத்தான் திறக்கோணும், தேய்ஞ்சு போகும்" என்று உத்தரவு வேறு.)

சனி காலை, போட்டி தொடங்குமுன், முற்றத்தில் எல்லோர் முன்னாலும் பைகளைத் திறந்தோம். எங்களில் உயரமான வாசுகி அக்கா கயிற்றை வீசினார். அது தலையைத் தாண்டாமல் பிடரியில் அடித்து நின்றது.

"பிள்ளை, இது எனக்கோ, என்ரை மகளுக்கோ?"

மகளுக்கு நாலு வயது.

அப்போதுதான் விளங்கியது. காலடியில் மடிந்த கயிறு இரண்டு பக்கமும் மேலே வரவேண்டும். நான் ஒரு பக்கத்தை மட்டும் அளந்திருந்தேன். தவறான எண்ணை மூன்று தடவை சரிபார்த்திருக்கிறேன்.

"கரம் பலகையை மேலை ஏத்தட்டோ?" என்றார் தயாளன் அண்ணை. பணிப்பாளர் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைக்கு ஓட நேரமில்லை. என்னை விழுங்க நிலம் பிளக்கவுமில்லை. கையில் இருந்தது கோப்பு மட்டும். திறந்து வாசித்தேன். ஆளுக்கொரு கயிறு வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

"ஜெனிற்றா, நாலையும் ஒண்டாக் கட்டு!"

"கட்டிறன். வீட்டிலை எங்கடை ஐயா மீன்வலை கட்டுற முடிச்சு. சுறா இழுத்தாலும் அவிழாது."

பணிப்பாளர் விசில் ஊதினார். ஆண்கள் நான்கு கயிற்றில் நான்கு குதிரைகளாகப் பாய்ந்தார்கள். நாங்கள் நீளக் கயிற்றின் இரு முனைகளிலும் இருவர் நின்று சுழற்ற, நடுவில் இருவர் ஆறுதலாகத் தாண்டினோம். களைத்தவள் கயிறு பிடித்தாள், ஆறியவள் உள்ளே புகுந்தாள். கயிறு நிற்கவே இல்லை.

"சேர், உது அழாப்பல், கள்ள விளையாட்டு!" என்று குதித்தபடியே கத்தினார் தயாளன் அண்ணை.

"மூண்டாம் விதியை வாசியுங்கோ அண்ணை!" என்றேன், தாண்டிக்கொண்டே.

பணிப்பாளர் கண்ணாடியை மாட்டி, விதித் தாளை இரண்டு தரம் வாசித்தார். "பிள்ளை சொல்லுறது சரிதான்."

தாங்களும் வாசிக்கலாம் என்று அந்தத் தாளுக்குக் குனிந்த மற்ற மூன்று ஆண்களின் கயிறுகளும் நின்றன. தயாளன் அண்ணை மட்டும் மூச்சிரைக்க இன்னும் இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்து, கால் தடக்கி, கயிறும் தானுமாகக் குந்திவிட்டார். எங்கள் கயிறு அதற்குப் பிறகும் சுற்றியது. நிறுத்த எங்களுக்கு மனமில்லை.

இப்போது அந்த அறையில் மேசை போட்டு, மின்விசிறிக்குக் கீழே சாப்பிடுகிறோம். கயிறு சுவரில், முடிச்சுகளோடு தொங்குகிறது. ஜெனிற்றா எங்கள் வீட்டுக்கு வந்த அன்று கதை அம்மாவின் காதுக்கும் போய்விட்டது.

போன மாதம் என் கலியாணச் சேலைக்குச் சட்டை தைக்கக் கொடுத்தோம். நான் வீட்டிலேயே அளவெடுத்து, தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அம்மா தாளை வாங்கித் தையல்காரப் பெண்ணிடம் நீட்டினார்.

"தங்கச்சி, இவள் மூண்டு தரம் சரிபாத்தவளாம். நீர் எதுக்கும் அளவுநாடாவை எடும்."