இராமையா முதலாளி ஓவியத்தை எடைபோட்ட வரலாறு

இணையத்து ஓவியர்களிடமிருந்து மனித குலத்தைக் காப்பாற்ற இதுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கைகளில் தலைசிறந்தது, எஹலியகொட கடைவீதியில் கொழுந்து முதலாளி இராமையா எடுத்த நடவடிக்கைதான். இதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. இரண்டாவது கருத்து சொன்ன ஒரே மனிதன் அவருடைய அக்காள் மகன் விதுர்ஷன். அது, இராமையா அமைத்த பாதுகாப்புக் குழுவின் தீர்மானப்படி நிராகரிக்கப்பட்டது.

இராமையாவின் தொழில் புனிதமானது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்கள் பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டிப் பாதையோரம் வைத்திருப்பார்கள். இராமையாவின் லொறி வந்து நிற்கும். லொறியில் தொங்கும் தராசில் சாக்கு ஏறும். நிறுப்பது எப்போதும் இராமையாதான். அந்தப் பொறுப்பை வேறு யாரிடமும் அவர் விட்டதில்லை. சாக்கு ஆடக் கூடாது, கொழுந்து நோகக் கூடாது என்பதற்காகத் தன் வலது முழங்காலைச் சாக்குக்கு அடியில் மெல்ல முட்டுக் கொடுப்பார். தூங்கும் பிள்ளையைத் தாங்குவது போல. தராசு முள்ளும் அந்தப் பாசத்தில் நெகிழ்ந்து கொஞ்சம் பின்வாங்கும். அதன் பிறகு சாக்குக்கு ஒரு கழிவு. ஈரத்துக்கு ஒரு கழிவு. பாதையில் தார் உருகும் வெயிலிலும் இராமையாவின் கண்ணுக்குக் கொழுந்தில் ஈரம் தெரியும். அவ்வளவு இளகிய மனசு.

இப்படிப்பட்டவர் சொந்தமாகத் தேயிலை பெக்கட் போடத் தீர்மானித்ததில் வியப்பில்லை. பெயர், ‘நேர்மைத் தேயிலை’. பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில், ‘உழைத்த கைக்கு உரிய கூலி’. கொழும்பில் ஒரு கொம்பனி, இந்த மாதிரி வாசகம் உள்ள தேயிலையை மட்டும் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறதாம். வாசகம் எழுத இராமையாவுக்கு ஒரு சதமும் செலவாகவில்லை. பெக்கட் அடைக்கும் இயந்திரம் மட்டும் வங்கிக் கடனில் வந்து, கொட்டகையில் பொலித்தீன் உறையோடு நின்றது. கொம்பனியின் ஓர்டர் கிடைத்தால் இயந்திரம் ஓடும். கிடைக்காவிட்டால் வங்கிக்காரன் ஓடி வருவான். அறிமுக விழாவுக்கு கொம்பனி மேடமே நேரில் வருவதாகச் சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது ஒன்றுதான். பெக்கட்டுக்கு ஒரு படம்.

“டீ பெக்கட்டுல கொழுந்து பறிக்கிற பொம்பளப் படம்தான் மாமா போடுவாங்க” என்றான் விதுர்ஷன். அடுத்த கடையில் கம்யூனிகேஷன் நடத்துபவன். போட்டோக் கொப்பி, ரீலோட், பெனர் எல்லாம் அவன் கைவசம்.

“பறிக்கிறத யாரு வேணும்னாலும் பறிப்பாங்கடா. நிறுக்கிறது நான். என் படம்தான் வரணும். நான் தராசோட நிக்கணும்.”

“அப்ப இன்டர்நெட்ல நல்ல ஆர்ட்டிஸ்ட் ஆளுங்க இருக்காங்க. சொன்னா படம் கீறித் தருவாங்க.”

இராமையாவின் முகம் இருண்டது. “இன்டர்நெட்டா? அங்க பூரா முகம் தெரியாத திருடனுங்கடா! காச வாங்கிட்டுக் கம்பி நீட்டிருவானுங்க. பாதுகாப்பு வேணும்.”

அந்தக் கணத்தில், அந்தக் கல்லாப் பெட்டிக்குப் பின்னால், ‘இணைய ஓவியப் பாதுகாப்புக் குழு’ உதயமாயிற்று. தலைவர், இராமையா. பொருளாளர், மறுபடியும் இராமையா. செயலாளர் விதுர்ஷன், சம்பளமில்லாமல். முதல் கூட்டத்திலேயே நிபந்தனைகள் ஏகமனதாக நிறைவேறின. ஓவியர் தன் அடையாள அட்டையை இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்ப வேண்டும். கிராம சேவகரின் நற்சான்று வேண்டும். நிரந்தர வேலையில் உள்ள இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். அப்பாவின் தொழில், அம்மாவின் ஊர், வீட்டுக்குப் போகும் வழி. இத்தனைக்கும் பதிலாகக் குழு தன்னைப் பற்றி என்ன தெரிவிக்கும்? ஒன்றும் தெரிவிக்காது. அதுதான் பாதுகாப்பு.

நிபந்தனைகளை வாசித்த முதல் ஓவியர் பதிலே போடவில்லை. இரண்டாமவர் சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டுக் குழுவை ‘புளொக்’ செய்தார். மூன்றாவதாகச் சிக்கியவள் இஸ்ரா. பேஸ்புக்கில் சொந்தப் பக்கம் வைத்து, கல்யாண அட்டை முதல் கடைப் பெயர்ப்பலகை வரை கீறிக் கொடுப்பவள். அவளுடைய குரல் பதிவு வட்ஸ்அப்பில் வந்து விழுந்தது.

“சேர், நான் படம் கீறத்தான் கேட்டேன். உங்கட வீட்டுக்கு மருமகளா வாறதுக்கு இல்ல. நான் செஞ்ச வேலையெல்லாம் பேஜ்ல இருக்கிது, பாருங்க. செய்விச்ச ஆக்கள்ட நம்பரும் தாறேன், கேட்டுப் பாருங்க. பாதிக் காசு முதல்ல. மாதிரிப் படம் அனுப்புவேன், அதில என்ட பேர் குறுக்கால இருக்கும். ரெண்டு தரம் திருத்தம் சும்மா செஞ்சு தருவேன். மீதிக் காசு வந்த பொறகு சுத்தமான படம். மூலையில சின்னதா என்ட பேர். அவ்வளவுதான்.”

அந்தப் பதிவை இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டார் தலைவர்.

“இவ்வளவு தெளிவா பேசுறா பாரு” என்றார் இராமையா தாழ்ந்த குரலில். “கட்டாயம் திருடிதான்.”

“நியாயமாத்தானே மாமா சொல்றா? பாதி முதல்ல, பாதி பொறவு. ரெண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு.”

“ரெண்டு பக்கத்துக்கும் எதுக்குடா பாதுகாப்பு? நாம ஒரு பக்கம்தானே!”

விழா நெருங்கிக்கொண்டிருந்தது. பெனரும் அச்சடிக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு முன்பணத்தை அனுப்பினார் இராமையா. அனுப்பும்போது பழக்கதோஷத்தில் நூற்றுக்குப் பத்து பிடித்துக்கொண்டார். ‘எதுக்கு சேர் குறையுது?’ என்று எழுதிக் கேட்டாள் இஸ்ரா. ‘ஈரத்துக்கு’ என்று எழுதச் சொன்னார் தலைவர். இரத்தினபுரிப் பக்கம் அன்றைக்கு மழை பெய்ததென்னவோ உண்மை. அவள் ஒரு கேள்விக்குறியை மட்டும் அனுப்பினாள். பிறகு, ‘உங்களைப் பாத்துக் கீறுறதுக்கு ஒரு போட்டோ அனுப்புங்க’ என்றாள்.

இராமையா தன் வாழ்க்கையிலேயே சிறந்த போட்டோவை அனுப்பினார். லொறிக்குப் பக்கத்தில், வெள்ளைச் சாரத்தோடு, மோதிரம் மின்ன, தராசில் சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். சுற்றிலும் சிறுதோட்டக்காரர்கள். தேர்தல் சுவரொட்டி மாதிரி ஒரு புன்னகை.

சொன்ன நாளில் மாதிரிப் படம் வந்தது. வண்ணமும் வெளிச்சமுமாக, ஈரக் காற்று வீசுகிற மாதிரியான படம். மீசையின் நரை வரைக்கும் இராமையா. குறுக்கே மங்கலாக, இஸ்ரா என்ற பெயர்.

தலைவர் படத்தின் தரத்தைப் பரிசீலித்தார். “எத்தன கிலோடா?”

“கிலோ இல்ல மாமா. நாலு எம்.பி.”

“நாலுதானா? பேத்தி பொறந்தநாள் வீடியோ முந்நூறு வந்திச்சேடா! நாலுக்கா இவ்வளவு காசு?”

“படத்த அப்படி நிறுக்கக் கூடாது மாமா.”

“எதையும் நிறுக்கலாம். இதுல சாக்குக் கழிவு எவ்வளவு?”

“போன்ல வந்த படத்துக்கு ஏது மாமா சாக்கு?”

“எதுலயாச்சும் போட்டுக் கட்டித்தானேடா அனுப்பியிருப்பா?”

படத்தோடு இஸ்ராவின் குரலும் வந்திருந்தது. “சேர், நீங்க தந்த போட்டோவப் பாத்து அப்படியே கீறியிருக்கேன். ஒரு விஷயம். அதில உங்கட முழங்கால் சாக்குக்குக் கீழ இருக்கிது. நிறுக்கக்குள்ள அப்படி இருந்தா ஆக்கள் வேற மாதிரி நினைப்பாங்க. மீதிக் காசு வந்த உடனே, முழங்கால எடுத்திட்டு சுத்தமான படம் தாறேன்.”

“என் முழங்கால எடுக்க அவ யாருடா, டொக்டரா?” என்று சீறினார் இராமையா.

விதுர்ஷன் படத்தைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். மறுபடியும் படத்தைப் பார்த்தான். “மாமா, அவ சொல்றது சரிதான். முழங்கால்...”

“நான் நிறுக்கிறது அப்படித்தானேடா! எங்கப்பா நிறுத்ததும் அப்படித்தான். அது இல்லாட்டி அது நானே இல்ல. மீதிக் காசு புடுங்கறதுக்கு முழங்காலச் சாட்டு சொல்றா. இந்தப் படமே போதும். அவ பேர அழிச்சுரு.”

“பாவம் மாமா. அது அவ வேல.”

“யாரு போட்டோ? என் போட்டோ. யாரு மூஞ்சி? என் மூஞ்சி. அவ பேர் எதுக்குடா அதுல?” தலைவர் சற்று யோசித்தார். வெற்று மூலை அவர் கண்ணை உறுத்தியது. “அந்த மூலையில, ‘ஓவியம்: சோ. இராமையா’ன்னு போட்டுரு.”

தீர்மானம் நிறைவேறியது. செயலாளர் கைத்தொலைபேசியிலேயே ஓவியரைத் துடைத்தெடுத்தார். மீதிப் பணம் முழுவதும் ‘ஈரம்’ என்ற தலைப்பின் கீழ் தள்ளுபடியானது. காசை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்று அஞ்சப்பட்ட ஓவியரிடமிருந்து, படத்தை வாங்கிக்கொண்டு ஓடிய குழுத் தலைவர் மயிரிழையில் தப்பினார். பாதுகாப்பு வென்றது.

விழா நாள். கொட்டகைக்கு முன்னால் தகரப் பந்தல். தலைவர் பேச்சைக் கேட்டுக் கைதட்டுவதற்காகச் சிறுதோட்டக்காரர்கள் அத்தனை பேரையும் லொறியிலேயே ஏற்றி வந்திருந்தார் இராமையா. மேடையின் பின்னால் பத்தடிக்கு எட்டடி பெனர். நடுவில் தராசு, பக்கத்தில் இராமையா. பெரிதாக்கியதில் மீசை, தரை கூட்டும் தும்புத்தடி அளவு இருந்தது. முழங்கால் கதவளவு இருந்தது.

கொம்பனி மேடம் மஸீஹா காரிலிருந்து இறங்கினார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண்மணி. பால் தேத்தண்ணியைக் கையில் வாங்கியபடி பெனரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல படம். யார் கீறினது?”

“நானேதான் மேடம். கீழ பேர் இருக்குங்க பாருங்க.” இராமையாவுக்கு நெஞ்சு விரிந்தது.

“நீங்களே பாத்துக் கீறினதா?”

“ஒவ்வொரு நாளும் நடக்கிறதுதானேங்க மேடம். அப்படியே அச்சு அசல். ஒரு கோடுகூடப் பொய் இல்லைங்க.”

“அப்படியா?” மேடம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “அப்ப உங்கட முழங்கால் ஏன் சாக்குக்குக் கீழ இருக்கிது?”

இராமையா திரும்பிப் பார்த்தார். தினமும் செய்கிற காரியத்தை, செய்கிற இடத்திலிருந்து அவர் பார்த்திருக்கிறாரே தவிர, எதிரில் நிற்கிறவர்களின் இடத்திலிருந்து ஒருநாளும் பார்த்ததில்லை.

முன்வரிசையில் குணபால எழுந்தார். எஹலியகொடவுக்கு மேலே அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர். விரலை நீட்டினார். “அன்ன தணஹிஸ!” என்றார் சிங்களத்தில். அதோ முழங்கால்! பந்தல் முழுக்க எழுந்து பார்த்தது. பிறகு குணபால, மேடத்துக்கு விளங்கட்டும் என்று தமிழுக்கு மாறினார். “நோனா, நம்ம வூட்ல நிறுத்தா ஒரு கணக்கு. லொறியில நிறுத்தா கொறவு. மொதலாளி சொல்றது, வாற வழியில கொழுந்து காஞ்சு போவுதாம். காஞ்ச கொழுந்துக்குப் பொறவு ஈரம் கழிக்கிறார்!”

சிரிப்பு கிளம்பியது. நல்ல சிரிப்பில்லை.

இராமையாவின் மூளை லொறியை விட வேகமாக ஓடியது. ஒரே ஒரு கதவுதான் திறந்திருந்தது. “மேடம், உண்மையச் சொல்லிடறேங்க. இத நான் கீறலைங்க! இஸ்ரான்னு ஒரு பொண்ணு கீறினது. கண்டபடி கீறி வச்சிருக்கா!”

“அவங்கட படமா? அப்ப உங்கட பேர் எப்படி வந்தது?”

அந்தக் கதவும் சாத்திக்கொண்டது. முழங்காலை மறுத்தால் பெயர்த் திருட்டு. பெயரை வைத்துக்கொண்டால் நிறுவைத் திருட்டு. இரண்டில் விரும்பியதைத் தேர்ந்தெடுக்கும் பூரண சுதந்திரம் தலைவருக்கு இருந்தது.

“அந்தப் பிள்ளைக்குப் பேசின காச முழுசாக் குடுத்தீங்களா?” மேடத்தின் குரல் உயரவில்லை.

இராமையா பெனரைப் பார்த்தார். ‘உழைத்த கைக்கு உரிய கூலி.’ நாவில் தயாராக இருந்த பதில் ஒன்றே ஒன்றுதான். நாற்பது வருடமாக எல்லோருக்கும் சொல்லி வந்த பதில்.

“படம் கொஞ்சம் ஈரமா இருந்திச்சுங்க மேடம்.”

மஸீஹா மேடம் காரில் ஏறினார். ஓர்டரும் அதே காரில் ஏறிப் போயிற்று. லொறியின் மறைவில் நின்று இராமையா இஸ்ராவுக்கு அழைப்பு எடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் குரல் கெஞ்சியது.

“தங்கச்சி, மீதிக் காச இப்பவே போடறேம்மா. ஒரு சதம் கழிவு இல்லாம. அந்த முழங்கால மட்டும் எடுத்துத் தாம்மா.”

“காசு போடுங்க சேர், அது நான் உழைச்சது” என்றாள் இஸ்ரா. “படத்தில இருந்து முழங்கால எடுக்கிறது லேசு. அஞ்சு நிமிஷ வேல. சாக்குக்குக் கீழ இருந்து எடுக்கிற வேலைய நான் பாக்கிறல்ல.”

திரும்பி வந்தபோது மேடை வெறுமையாக இருந்தது. குணபாலவும் மற்றவர்களும் பெனரைக் கயிறோடு அவிழ்த்து எடுத்துப் போயிருந்தார்கள். இப்போது அது சந்தியில், எல்லா முதலாளிமாரின் லொறிகளும் கொழுந்து ஏற்ற வந்து நிற்கிற இடத்தில், இரண்டு பாக்கு மரங்களுக்கு நடுவே தொங்குகிறது. சாக்குத் தராசில் ஏறும்போது எல்லோரும் முதலில் பெனரைப் பார்க்கிறார்கள். பிறகு நிறுப்பவரின் காலைப் பார்க்கிறார்கள்.

இராமையா முதலாளி அன்றைக்கு எச்சரித்ததில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. இணையத்தில் முகம் தெரியாத திருடர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் முகம் மட்டும் எஹலியகொடவில் இப்போது எல்லோருக்கும் தெரியும். பத்தடிக்கு எட்டடி, முழு வண்ணத்தில், கீழே அவரே போட்ட பெயரோடு.