மெட்ரோ கார்டனில் வெள்ளம் இல்லை

சாலேம் மெட்ரோ கார்டன்,
தக்கலை – நாகர்கோவில் சாலை.

அன்பு மருமகன் ஷிபு அவர்களுக்கு,

மாமா ராஜையன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் மாமி ஜெபகனியும் ஒரு குறைவுமில்லாமல் இருக்கிறோம். பெங்களூரில் உங்கள் சுகத்துக்கும், பெமிலாவின் சுகத்துக்கும், இன்னும் பெயர் வைக்காத அந்த மூன்றாவது ஆளின் சுகத்துக்கும் குடும்ப ஜெபத்தில் தவறாமல் கேட்டுக்கொள்கிறோம்.

நிற்க. பெமிலாவைத் தலைப்பிரசவத்துக்கு எங்களிடம் அனுப்பச் சொல்லிக் கேட்டதற்கு, "மாமா, அங்க வசதி எல்லாம் போதுமா?" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டிருந்தீர்கள். அந்த 'வசதி' என்னைச் சுருக்கென்று தைத்துவிட்டது. ஒரு வரியில் பதில் சொல்கிற சங்கதி இல்லை இது. போக்குவரத்துக் கழகத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் பழக்கம்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். நாங்கள் இப்போது கிராமத்துக்காரர்கள் இல்லை. 'மாநகர வாழ்க்கை, உங்கள் வயலோரத்தில்' என்ற விளம்பரத்தைப் பார்த்துத்தான் இந்த வீட்டை வாங்கினோம். வாசலில் வளைவு உண்டு, செக்யூரிட்டி உண்டு, காலையில் நடப்பதற்குத் தனிப் பாதை உண்டு. பாதை இருபதடி போனதும் ஒரு வாழைத் தோட்டத்தில் முடிந்துவிடும், ஆனால் திரும்பி நடந்தால் அதே நடைதானே. நீச்சல் குளமும் உண்டு. இப்போதைக்குப் பக்கத்து வீட்டு யூஜின் அதில் தேங்காய் காயப் போட்டிருக்கிறார். நாளைக்குத் தவழுகிற பிள்ளை அதில் விழுந்தாலும் மூழ்கும் பயமில்லை. இப்படி ஒரு பாதுகாப்பு உங்கள் பெங்களூரில் கிடைக்குமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

தண்ணீரைப் பற்றி யாராவது உங்களிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம், அதனால் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். போன வாரம் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது, அது எந்த ஊரிலும் நடப்பதுதான், ஆனால் இங்கே அதற்கென்று வீடு கட்டி விற்ற கம்பெனியின் கஸ்டமர் கேர் சென்னையில் இருக்கிறது, போன் செய்தால் உடனே ஒரு பெண் பிள்ளை எடுக்கிறது. நான் பேசினேன். "மக்களே, மெட்ரோ கார்டன் ராஜையன் பேசுகேன். வெள்ளம் பிரச்சினை. வீட்டுல இருக்க முடியல்ல."

"ஐயையோ, வெள்ளமா? எப்பத்துலருந்து சார்?"

"முந்தாநாளு தொட்டு."

"உள்ள யாராச்சும் மாட்டிக்கிட்டு இருக்கீங்களா?"

"நானும் எனக்க பெஞ்சாதியும் மாட்டிக்கிட்டுதான் கெடக்கோம்."

"பதட்டப்படாதீங்க சார். ரெண்டு பேரும் மொதல்ல மாடிக்குப் போங்க. ஆள் அனுப்புறோம்."

மாடித் தொட்டியைப் பார்க்கச் சொல்கிறாள் என்று நினைத்து நாங்களும் ஏறிவிட்டோம். மார்த்தாண்டத்துக்காரரான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நமக்குக் குடிக்கிற தண்ணீர்தான் வெள்ளம். அந்தப் பிள்ளைக்கு வெள்ளம் என்றால் தெருவில் படகு விடுவது. இது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

சேவையில் குறை சொல்லக் கூடாது. மதுரைக் கிளையிலிருந்து ஒரு வண்டி பாய்ந்து வந்தது, அதில் பெரிய மோட்டாரும் தடித் தடியான ஹோஸும். நாகேந்திரன் என்கிற சூப்பர்வைசர் இறங்கி, மாடியில் நின்ற எங்களைப் பார்த்து, "வெள்ளம் எங்க சார்?" என்றார். "அதத்தானே நானும் கேக்கேன்" என்றேன். அவர் வீட்டைச் சுற்றி வந்தார். மோட்டார் ஓடுகிற போட்டோவைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பாவிட்டால் புகாரை முடிக்க முடியாதாம். அன்று காலையில்தான் யூஜின் இரக்கப்பட்டுத் தன் லாரித் தண்ணீரில் பாதியை எங்கள் நிலத்தடித் தொட்டிக்கு விட்டிருந்தார். நாகேந்திரன் தொட்டி எங்கே என்று கேட்டார். நிரப்பத்தான் கேட்கிறார் என்று நானே ஓடி இறங்கி மூடியைத் திறந்து கொடுத்தேன், ஹோஸையும் வாகாகப் பிடித்துக்கொண்டேன். அது உறிஞ்சுகிறது என்று தெரிவதற்குள் அவ்வளவும் ரோட்டில் ஓடுகிறது. ஜெபகனி மாடியிலிருந்து, "பிடிச்சுக்கிட்டு நிக்கியாரு பாரு, கல்யாண மாப்பிள்ள மாதிரி" என்றாள்.

மறுநாள் அந்தப் பிள்ளை அக்கறையாகப் போன் செய்தது. "சார், வெள்ளமெல்லாம் போயிடுச்சா?"

"போச்சு மக்களே, ஒரு சொட்டு பாக்கி இல்ல."

"ரொம்ப சந்தோஷம் சார்" என்று புகாரை முடித்துவிட்டாள். வெள்ளம் பாதித்த வீடு என்பதால் பாதுகாப்பு கருதி மின் இணைப்பையும் குழாய் இணைப்பையும் தற்காலிகமாக நிறுத்தியிருப்பதாகக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. ஒரு குடிமகனைக் குறித்து இவ்வளவு கவலைப்படுகிற ஏற்பாடு வேறு எங்கே இருக்கிறது?

மற்றபடி நாகர்கோவிலில் நல்ல ஆஸ்பத்திரிகள் உண்டு, வீட்டு வாசலில் பஸ் நிற்கும், காற்றுக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே எந்தத் தயக்கமும் இல்லாமல் பெமிலாவை அனுப்பி வையுங்கள். எல்லா வசதிக்கும் நான் பொறுப்பு.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. பெமிலாவின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
ராஜையன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஜெபகனிக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, அலமாரியைத் திறந்து சேலைகளைப் பையில் வைக்க ஆரம்பித்துவிட்டாள். "பிள்ள இங்க வரண்டாம். நாம அங்க போவோம்" என்றாள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே, முறை என்று ஒன்று இருக்கிறதே என்றேன். "அம்ம இருக்கப்பட்ட எடந்தான் அம்ம வீடு. பையத் தூக்கும்" என்றாள். யோசித்துப் பார்த்தால், மகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஒரே ஆசையைத்தான் நான் இத்தனை பக்கத்துக்கு வசதி என்று எழுதியிருக்கிறேன். அதனால் மேலே உள்ள எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, கடிதத்தைத் தபாலில் சேர்க்க வழியில்லை, நானே கொண்டு வந்து உங்கள் கையில் தருகிறேன். இதை நீங்கள் வாசிக்கும்போது நான் உங்கள் குளியலறையில் இருப்பேன். தயவுசெய்து கதவைத் தட்ட வேண்டாம், நேரமாகும்.