கடைசிப் பக்கத்துக்கு வராத கிளாரினெட்

நெருப்பைக் கண்டுபிடித்ததையும் சக்கரத்தை உருட்டிவிட்டதையும் மனித குலத்தின் மாபெரும் சாதனைகள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள், நம் கிளாரினெட்காரர் 'தன்னைத் தானே' கண்டுபிடித்த செய்தியைக் கேள்விப்படாதவர்கள். நெருப்பைக் கண்டுபிடித்தவனுக்காவது குளிர் என்று ஒரு நெருக்கடி இருந்தது. கிளாரினெட்காரருக்கு அதுகூட இல்லை. நிர்வாகம் கூட்டம் போட்டது, அவர் போனார், மத்தியானச் சாப்பாட்டுக்குள் கண்டுபிடித்துவிட்டார்.

இசைக் கல்லூரியில் அவர் கிளாரினெட் ஆசிரியர். அவருடைய மனைவி அங்கேயே பியானோ ஆசிரியை. அந்தக் கூட்டத்துக்கு முன்பு அவர் ஒரு சாதாரண மனிதர். காலையில் சவரம் செய்யும்போது ஒரு சின்ன மெட்டைச் சீட்டியடிப்பார். எங்கே கேட்ட மெட்டு என்று அவருக்கே தெரியாது. பிறகு கல்லூரிக்குப் போவார், வாசிப்பார், தப்பு வந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டு மேலே வாசிப்பார். இப்படி ஓர் ஆள் எப்படி உருப்படுவது?

நல்ல வேளையாகக் கல்லூரி நிர்வாகம் அந்த ஆண்டை 'வளர்ச்சி ஆண்டு' என்று அறிவித்து, ஒரு வளர்ச்சி வழிகாட்டியை நியமித்தது. வழிகாட்டி முன்பு மெத்தைக் கடையில் விற்பனைப் பிரிவில் இருந்தவர். மனிதர்களைப் பக்குவமாகச் சாய்க்கத் தெரிந்தவர். முதல் கூட்டத்தில் எல்லாரையும் தங்களை ஒரு மரமாக வரையச் சொன்னார். டிரம்ஸ் ஆசிரியர் ஒரு டிரம்மை வரைந்து, 'ஒத்துழையாமை' என்று குறிப்பு வாங்கினார். கிளாரினெட்காரர் விழுதோடும் பறவைகளோடும் ஓர் ஆலமரம் வரைந்தார். வழிகாட்டி அதைத் தூக்கிக் காட்டி, இந்த வளாகத்தில் இப்படி ஒரு மனிதர் இருப்பதை இத்தனை நாள் யாரும் கவனிக்கவில்லையே என்று வருத்தப்பட்டார். கிளாரினெட்காரருக்கும் அந்த வருத்தம் நியாயமாகவே பட்டது.

அன்றிலிருந்து வளர்ச்சி கிடுகிடுவென்று நடந்தது. பயிற்சி அறைக்கு 'உள்நோக்கு அறை' என்று பெயர் மாற்றினார்கள். உள்நோக்குக்கு இடைஞ்சலாக இருந்ததால் வாத்தியங்களை வெளியே வைக்கச் சொன்னார்கள். சீட்டி அடிப்பது 'ஆற்றல் கசிவு' என்று தெரியவந்ததும் கிளாரினெட்காரர் அதை நிறுத்தினார். இப்போதெல்லாம் குளியலறையில் சத்தமே இல்லையே என்று மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள். அவர் கன்னத்தில் சோப்போடு மௌனமாக வளர்ந்துகொண்டிருந்தார்.

மனைவி கூட்டங்களுக்குப் போகவில்லை. வகுப்பெடுக்க ஓர் ஆளாவது வேண்டுமே. ஆனால் கிளாரினெட்டுக்கும் பியானோவுக்குமாக அவள் ஒரு கிருதி எழுதினாள். அவள் எழுதியதிலேயே உருப்படியானது அதுதான் என்று அவளுக்குத் தெரியும். அதைக் கணவர் கையில் கொடுத்தபோது, கடைசிவரை வாசித்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியில் ஒரு தாவல் இருந்தது. கீழே கிடக்கும் சுரத்திலிருந்து சட்டென்று உச்சிக்குப் போக வேண்டும். அங்கே கிளாரினெட் கதவுக் கீல் மாதிரி கிரீச்சிட்டது. பழைய ஆளாக இருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டு நாலாம் பக்கத்துக்குப் போயிருப்பார். இவர் வழிகாட்டியிடம் போனார்.

"தப்புதான் சார் நமக்கு வாத்தியார். வந்த உடனே நிறுத்துங்க. கண்ண மூடி அதுக்கு ஒரு நன்றி சொல்லுங்க. திரும்பவும் முதல்லேர்ந்து ஆரம்பிங்க" என்றார் வழிகாட்டி.

"அடுத்த பக்கத்தை ஒரு தடவை பாத்துடட்டுமா?"

"அது எதிர்காலத்தைப் பத்தின கவலை சார். உங்களுக்கு எதுக்கு?"

அன்று வீட்டில் தொடங்கிய சாதகம் மூன்று வருஷம் நடந்தது; 'வளர்ச்சி ஆண்டு'ம் கூடவே நீண்டது. கிரீச், நிறுத்தம், நன்றி, மறுபடி முதல் பக்கம். மனைவியும் பியானோவில் அவரோடு கூடவே முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். எதிர்வீட்டுக் கிளி மூன்று பக்கத்தையும் பாடக் கற்றுக்கொண்டு, அதே இடத்தில் கண்ணை மூடியது. நாலாம் பக்கம் மட்டும் அவள் மடித்துக் கொடுத்தபடியே, விரல் படாமல் இருந்தது.

அந்த நிலையில்தான் ஒரு வானொலிக்காரர் மனைவியைத் தேடிக் கல்லூரிக்கு வந்தார். கல்லூரியின் ஆண்டு நிகழ்ச்சியைப் பதிவு செய்யப் போவதாகவும், அவளுடைய கிருதியை முழுசாக ஒரு தடவை வாசித்துவிட்டால் ஒலிபரப்பிவிடலாம் என்றும் சொன்னார். முழுசாக என்பதை இரண்டு தடவை சொன்னார். மனைவி அன்று வீட்டுக்கு வந்து, கணவரின் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, இந்த ஒரு தடவ தப்பு வந்தாலும் பரவாயில்ல, நிறுத்தாம போயிடுங்க. எனக்காக."

கிளாரினெட்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்குள்ளும் வளர்ச்சிக்கு நிறைய இடம் இருக்கிறது என்று பெருந்தன்மையோடு சொன்னார்.

நிகழ்ச்சி நாள் வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. வழிகாட்டி முன்வரிசையில், மடியில் ஒரு கேடயத்தோடு உட்கார்ந்திருந்தார். முதல் பக்கம் பிரமாதம். இரண்டாம் பக்கம் அதைவிடப் பிரமாதம். மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியில் அந்தத் தாவல் வந்தது. கிளாரினெட் கிரீச்சிடவில்லை. உச்சிச் சுரம் தேன் மாதிரி வந்து விழுந்தது. மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

கிளாரினெட்காரர் நிறுத்தினார். கண்ணை மூடினார். வராத தப்புக்கு மனமார நன்றி சொன்னார். வேறென்ன செய்வார்? மூன்று வருஷ அசுர சாதகத்தில் அவர் துளி பிசகில்லாமல் கற்றுத்தேர்ந்த வித்தை, அந்த இடத்தில் நிற்பதுதான்.

கண்ணைத் திறந்து முதல் பக்கத்துக்குத் திருப்பினார். பியானோ அவரோடு திரும்பவில்லை. மனைவி நாலாம் பக்கத்தின் மடிப்பைப் பிரித்து வைத்து, அவருடைய பகுதியையும் தன் வலது கையில் எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

அவர் வாத்தியத்தைப் பிடித்தபடி நின்று கேட்டார். நாலாம் பக்கத்தில் பியானோ மெல்லத் தணிந்தது. அதற்குள்ளிருந்து ஒரு சின்ன மெட்டு வெளியே வந்தது. எங்கேயோ கேட்ட மெட்டு. அவர் கை தானாகக் கன்னத்தைத் தடவியது. பழைய காலைகளில் குளியலறையில் அவர் அடித்த சீட்டி அது. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. வழிகாட்டி மேடையேறி, தப்பே வராதபோதும் நன்றி சொன்ன முதல் கலைஞர் இவர்தான் என்று அறிவித்து, 'முழுமை பெற்ற வளர்ச்சியாளர்' கேடயத்தைக் கிளாரினெட்காரரிடம் கொடுத்தார். வானொலிக்காரர் மனைவியிடம் வந்து, சார் நிறுத்தின இடத்திலிருந்து பதிவு அருமையாக வந்திருப்பதாகவும், அதை மட்டும் ஒலிபரப்பப் போவதாகவும் சொன்னார்.

மேடைக்குப் பின்னால் மனைவி இசைத்தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். கிளாரினெட்காரர் கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார்.

"அது என் சீட்டிதானே? இத எப்ப எழுதின?"

"மூணு வருஷம் ஆச்சு" என்றாள் மனைவி. பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "அந்தக் கடைசிப் பக்கத்துலதாங்க உங்களுக்காக உக்காந்திருந்தேன். நீங்க வளந்துக்கிட்டே இருந்தீங்க. வரத்தான் இல்ல."