பத்தியத்துக்கு ஒரு பால்சுறா

“மகன், இது ஆம்பிளச் சுறா.”

சின்னத்தங்கம் மாமி சுறாவைக் கவிழ்த்துப் போட்டு, வயிற்றுப் பக்கத்துச் செட்டையைக் கத்தி முனையால் தூக்கிக் காட்டினார். சிவதர்ஷன் குனிந்து பார்த்தான். விரல் நீளத்தில் இரண்டு தொங்கின. அவசரமாக நிமிர்ந்துகொண்டான்.

“ஆம்பிளையா இரிந்தா என்ன மாமி? சுறா சுறாதானே?”

“நல்ல கதைதான்! ஆம்பிளச் சுறாவத் திண்டா என்ட மகளுக்குப் பால் எங்க இரிந்து ஊறும்?”

  

நேற்றும் இதே கதைதான். நேற்று அவன் துண்டு போட்ட சுறா வாங்கி வந்தான். மாமி ஒரு துண்டை முகர்ந்து பார்த்துவிட்டு, “தலை எங்க?” என்றார். தலையைக் கடைக்காரர் வெட்டி எறிந்துவிட்டாராம். “தலை இல்லாட்டி இது பால்சுறாவா, கொம்பன் சுறாவா எண்டு நான் எப்பிடிச் சொல்ற? கொம்பன் சூடு. பச்ச உடம்புக்காரிக்கு ஒண்ணாது” என்று தீர்த்துவிட்டார். அதனால்தான் இன்றைக்கு முழுச் சுறாவைத் தலையோடு கொண்டு வந்திருந்தான். தலை சரி, மற்றது பிழையாகிவிட்டது.

சிவதர்ஷன் மக்கு இல்லை. ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கிறவன். ஒரு சட்டையில் ஒரு தையல் பிசகியிருந்தாலும் பத்தடி தூரத்தில் நின்றே கண்டுபிடித்துவிடுவான். ஆனால் மீன்கள் சட்டை போட்டுக்கொண்டு வருவதில்லையே. போதாததற்கு அவன் படுவான்கரைப் பிள்ளை. வாவிக்கு மேற்கே, வயல் வட்டைகளுக்கும் குளங்களுக்கும் நடுவில் வளர்ந்தவன். விரால், கெளிறு, பனையேறி என்றால் கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் கொடுத்தாலும் சொல்லுவான். கெளிறு எந்த முள்ளால் குத்தும், பனையேறி எந்த மழைக்குக் குளத்தை விட்டு நிலத்தில் ஏறி வரும், எல்லாம் அத்துப்படி. கடல் மீன்தான் அவனுக்கு வராது. கலியாணம் முடித்து நாவற்குடாவில் மனைவி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, மாமி சமைத்துப் போட்ட அத்தனையையும் ‘மீன்’ என்ற ஒரே பெயரில்தான் சாப்பிட்டு வந்தான்.

இப்போது மகள் பிறந்து பத்து நாள். முந்தாநாள் மிட்வைஃப் ஹஸீனா மிஸ் வீட்டுக்கு வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்தார். பிறந்த எடையைக்கூட இன்னும் எட்டவில்லை.

 தன்னால் முடிந்ததையெல்லாம் சிவதர்ஷன் செய்துகொண்டுதானே இருந்தான்! தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு நாள் முழுக்கக் கட்டிலடியிலேயே கிடந்தான். பிள்ளை பால் குடித்த நேரம், விட்ட நேரம், முதுகைத் தட்ட ஏவறை விட்ட நேரம் எல்லாவற்றுக்கும் சுவரில் அட்டவணை ஒட்டியிருந்தான். பிள்ளை நித்திரை கொண்டால் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பான். பிள்ளை விழித்து அழும். அழுகை நின்றால் ஏன் நின்றது என்று பார்ப்பான்.

“கேதீஸ், நித்திரையா?” என்று மனைவியைக் கேட்பான்.

“இவ்வளவு நேரமும் நித்திரைதான்” என்பாள் கேதீஸ்வரி, கண்ணைத் திறக்காமல்.

ஹஸீனா மிஸ் அந்த அட்டவணையைப் பார்த்தார். கேதீஸ்வரியின் கண்ணுக்குக் கீழே இருந்த கருமையைப் பார்த்தார். அவனையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு மாமியைக் கூட்டிக்கொண்டு முற்றத்து முருங்கை மரத்தடிக்குப் போய் ஏதோ சொன்னார். மாமி தலையைத் தலையை ஆட்டினார்.

மிஸ் போனதும் சிவதர்ஷன் ஓடிப் போனான். “என்ன மாமி சொன்னா? என்ன மருந்து?”

மாமி கொஞ்சம் யோசித்தார்.

“பால்சுறா குடுக்கட்டாம் மகன். நல்ல சுறாவா, காலமையில நீங்களே போய்ப் பாத்து வாங்கணும்.”

அப்படித்தான் இந்தச் சுறாப் பயணம் தொடங்கியது. நிராகரித்த சுறாக்களும் வீணாகவில்லை. அவையெல்லாம் உதிர்த்து வறுத்த வறையாகி அவனுடைய சோற்றுக் கோப்பைக்கே வந்தன. “ஆம்பிளைக்கு ஆம்பிளச் சுறா நல்லம், தின்னுங்க” என்றார் மாமி.

மூன்றாம் நாள் காலையில் காத்தான்குடிச் சந்தையில் முகைதீன்பாவாவின் கடைக்கு முன்னால் போய் நின்றான். மாமி வருடக்கணக்காக மீன் வாங்கும் கடை அது.

“என்ன சேர், நேத்தைய சுறா எப்பிடி?” என்றார் முகைதீன்பாவா.

“காக்கா, அது ஆம்பிள” என்றான் சிவதர்ஷன். அந்தச் சந்தையில் அண்ணன் வயதுக்காரர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“ஓம், ஆம்பிளதான். அதுக்கு இப்ப என்ன?”

“பொம்பிளைதான் வேணும்.”

பக்கத்துக் கடையில் செதில் உரசிக்கொண்டிருந்தவரின் கத்தி நின்றது. சிவதர்ஷன் அதையெல்லாம் கவனிக்கவில்லை. பலகையில் கிடந்த சுறாக்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, செட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். தரம் பார்க்கிற கை, சும்மா இருக்குமா? நான்கு சுறாவும் ஆண். சுற்றி ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

“சேர் மீன் வாங்க வந்தாரா, பொண்ணு பாக்க வந்தாரா?” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

முகைதீன்பாவாவுக்கு இரக்கமாகப் போய்விட்டது. “சேர், சுறாவ விடுங்க. புள்ளப் பெத்த பொம்பிளைக்கு ஏத்த மீன் வேற எவ்வளவு இரிக்கு! மாமிக்கு ஒரு கோல் எடுங்க, நானே கேக்கன்.”

சிவதர்ஷன் அழைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

“அம்மா, சூரை இரிக்கு. நல்ல ரத்தச் சிவப்பு.”

“சூரை கிரந்தி. புள்ளைக்கு மேலெல்லாம் சொறி வந்து கடிக்கும்.”

“ஓரா?”

“ஓரா முள்ளுல விசம்.”

“முள்ளையா தின்னப் போறீங்க? சரி, விடுங்க. திருக்கை?”

“அதுக்கு வால்ல முள்ளு.”

“கொடுவா இரிக்கு அம்மா, துடிக்குது.”

“கொடுவா வாவிக்கும் கடலுக்கும் போய்ப் போய் வாற மீன். ஒரு இடத்தில நிக்காது. புள்ளையும் அப்பிடித்தான் வரும்.”

முகைதீன்பாவா போனைப் பார்த்தார், சிவதர்ஷனைப் பார்த்தார். “இதெல்லாம் எந்தக் கிதாபுல இரிக்கு சேர்? போன கிழமை வரைக்கும் இந்த மீனையெல்லாம் உங்கட மாமி என்னிட்டத்தானே வாங்கித் தின்ட?”

போனில் மாமியின் குரல் மட்டும் தெளிவாக வந்தது. “மகன், கல்குடாவுக்குப் போங்க. அங்க வள்ளத்தால இறக்கக்குள்ளயே பாத்து வாங்கலாம். அவசரப்படாம ஆறுதலாப் போய்ட்டு வாங்க.”

கல்குடாவுக்கு மோட்டார் சைக்கிளில் போவதற்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். சிவதர்ஷன் மறுபேச்சுப் பேசவில்லை. மகளுக்காகத் திருகோணமலைக்குப் போகச் சொன்னாலும் போயிருப்பான்.

கல்குடாக் கரையில் விஜிதரன் என்ற வள்ளக்காரன் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தான். சிவதர்ஷன் விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, அடியில் கிடந்த ஒன்றை இழுத்துப் போட்டான். கை நீளத்துக்கும் மேலே இருந்தது. சிவதர்ஷன் செட்டையைத் தூக்கிப் பார்த்தான். ஒன்றுமில்லை! சந்தோஷத்தில் விஜிதரனின் கையைப் பிடித்துக் குலுக்கினான். குலுக்கிய பிறகுதான் இரண்டு கையும் மீன் கை என்பது நினைவு வந்தது.

சுறாவை உரப்பையில் போட்டுப் பின் சீற்றில் கட்டினான். வால் மட்டும் பைக்குள் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வந்தாறுமூலையில் பல்கலைக்கழக வாசலில் கம்பஸ் பிள்ளைகள் பஸ்சுக்கு நின்ற இடத்தில் பெரிய சிரிப்பு எழுந்தது. சிரிக்கட்டும் என்று அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான்.

“மாமி, பொம்பிள!” என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் வந்தான்.

“மெதுவா, மெதுவா” என்றார் மாமி, அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து. செட்டையைப் பார்த்தார். தலையைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. பிறகு வயிற்றைக் கீறினார்.

உள்ளே குட்டிகள். விரலளவு, கண்ணும் செட்டையும் எல்லாம் அமைந்து, ஏழு குட்டிகள்.

 சுறா மற்ற மீன்களைப் போல் முட்டை கொட்டிவிட்டுப் போகிற சாதி இல்லை, வயிற்றில் சுமந்து குட்டி போடும் என்று சிவதர்ஷன் எங்கேயோ படித்திருந்தான். படித்தது வேறு, இப்படிப் பார்ப்பது வேறு.

“பிள்ளத்தாச்சியக் கொண்டு வந்திட்டீங்களே மகன்” என்றார் மாமி. இந்தத் தடவை அவருடைய குரலும் உண்மையாகவே இறங்கிப் போயிருந்தது. “புள்ளப் பெத்த வீட்டுக்குள்ள இத எப்பிடிச் சமைக்கிற?”

சிவதர்ஷன் ஏழையும் ஒரு வாழையிலையில் சுற்றிக்கொண்டு போய்க் கொல்லையில் புதைத்தான். திரும்பி வந்து குசினிப் படியில் குந்தினான். கண் கலங்கியிருந்தது.

“மாமி, ஒரு சுறாவ ஒழுங்காப் பாத்து வாங்கத் தெரியல்ல எனக்கு. நான் எப்பிடி ஒரு புள்ளைய வளக்கப் போறன்? அது நல்லாப் பால் குடிக்காம இரிக்கிறதுக்கும் நான்தான் காரணம் போல.”

மாமி திடுக்கிட்டு அவனைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார், பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்பிடியெல்லாம் கதைக்காதீங்க. உங்களப் போலத் தகப்பன் கிடைக்கிறதுக்கு அவ குடுத்து வைக்கணும்” என்றார். “நாளைக்கும் வெள்ளெனவே வெளிக்கிடுங்க.”

ஆனால் சுறா என்றாலே அவனுக்கு இப்போது மனம் கூசியது. அடுத்த நாள் சொந்த அறிவை நம்புவது என்று முடிவு செய்தான். பாலத்தைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போய், முழங்கால் சேற்றில் இறங்கி நின்று, குளத்தில் பிடித்த உயிர் விரால் ஒன்றை வாளியில் கொண்டு வந்தான். உடம்பில் பட்ட காயத்தை ஆற்றுவதற்கு விராலை விட்டால் வேறு மீன் இல்லை என்பது அவனுடைய ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். விராலைப் பற்றி இந்தக் கடற்கரை மாமி என்ன சொல்லிவிட முடியும்?

“குளத்து மீனா? சேத்து மணம்” என்றார் மாமி.

“விரால் அப்பிடி இல்ல மாமி! அதுட குணம் தெரியுமா உங்களுக்கு? குஞ்சு பொரிச்சா தகப்பன் விரால் ஒரு நிமிசம் அங்கால இஞ்சால போகாது. குஞ்சையே சுத்திச் சுத்தி நிக்கும். கிட்ட யாரு போனாலும் பாய்ந்து கடிக்கும். இரைகூடத் தேடாது!”

மாமி வாளிக்குள் பார்த்தார். விரால் அவரைப் பார்த்தது.

“தெரியும் மகன். அந்தக் குணம் இந்த வீட்டில ஏற்கெனவே நிறைய இரிக்கு” என்றார். “கொண்டு போய்க் குளத்திலேயே விட்டுட்டு வாங்க.”

போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். விட்டுவிட்டு வந்தான்.

ஐந்தாம் நாள் கடல் கொந்தளித்ததால் சுறா இல்லை. ஆறாம் நாள் கிடைத்தது. பெண்தான். தலையிருந்தது, வயிறு ஒட்டியிருந்தது, இளம் பால்சுறா. முகைதீன்பாவா அவனுக்கென்றே ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வைத்திருந்தார். “சேர், இதிலயும் ஒரு பிழை சொன்னாவெண்டா உங்கட மாமியை இஞ்ச கூட்டி வாங்க. நான் கடலுக்கே கூட்டிப் போறன்” என்றார்.

வீட்டுக்கு வந்தபோது ஹஸீனா மிஸ்ஸின் ஸ்கூட்டி வாசலில் நின்றது.  நிறுக்கிற நாளாயிற்றே! ஆறு நாள் அலைந்தும் ஒரு துண்டுச் சுறாகூடக் கேதீஸ்வரியின் வயிற்றுக்குள் போகவில்லை. பிள்ளை இன்னும் இளைத்திருந்தால்? குற்றவாளியைப் போல, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடியும் பையோடு கதவடியில் நின்றான்.

“இஞ்ச பாருங்க, வாங்க வாங்க” என்றாள் கேதீஸ்வரி. தலை முழுகி, பொட்டு வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணடியில் கருமையைக் காணவில்லை. அவள் இப்படிச் சிரித்து எத்தனை நாள்! தராசுத் தொட்டிலில் மகள் காலை உதறிக்கொண்டு கிடந்தாள். கன்னம் உப்பியிருந்தது.

“முந்நூறு கிராம் ஏறியிரிக்கு” என்றார் ஹஸீனா மிஸ், அட்டையில் எழுதிக்கொண்டே. “தாயிட பாலும் தாராளம். மாஷா அல்லாஹ், இனி ஒரு பயமும் இல்ல.”

சிவதர்ஷனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பையை உயர்த்திக் காட்டினான்.

“மிஸ், ஆனா நீங்க சொன்ன பால்சுறா இன்டைக்குத்தானே கிடைச்சிரிக்கு? இன்னும் கறியே ஆக்கல்லையே!”

மாமி அவசரமாக எழுந்து குசினிப் பக்கம் நடந்தார். ஹஸீனா மிஸ் பேனையை மூடிவிட்டு, ஒன்றும் விளங்காமல் அவனைப் பார்த்தார்.

“சுறாவா? நான் எங்க சுறா சொன்னன்? தாயும் புள்ளையும் நித்திரை கொள்ளட்டும், தினமும் காலமையில மூணு மணித்தியாலத்துக்கு உங்கள எங்கயாவது வெளிய அனுப்புங்க எண்டுதானே அம்மாக்கிட்டச் சொன்னன்!”